எட்டு விரல் உயரம்

மிஷின்காரர் குளியலறைப் படியில் தடுக்கி விழுந்தது அந்த மாதத்தில் மூன்றாவது தடவை. முதல் இரண்டு தடவையும் சுவரைப் பிடித்துக்கொண்டு அவரே எழுந்துவிட்டார். மூன்றாவது தடவை முடியவில்லை. அவர் மனைவி வேலை முடிந்து வந்து கதவைத் திறந்தபோது பாதி உடம்பு அறையிலும் பாதி குளியலறையிலுமாகக் குறுக்கே கிடந்தார். மூக்கிலிருந்த ஆக்சிஜன் குழாயை மட்டும் விட்டுவிடாமல் ஒரு கையால் பிடித்திருந்தார்.

"எவ்வளவு நேரமா கிடக்கிறீங்க?"

"பக்கத்து வீட்டு ரேடியோல ரெண்டு தடவை செய்தி வாசிச்சாச்சு. ரெண்டு தடவையும் நான் விழுந்ததைச் சொல்லவே இல்லை."

அவள் சிரிக்கவில்லை. அக்குளில் கைகொடுத்துத் தூக்கினாள். ஒரு காலத்தில் இரண்டு ஆள் கனம் இருந்தவர். இப்போது அரை மூட்டை சிமெண்ட் கூட இல்லை. வேட்டி நனைந்திருந்தது. கழுவிவிட்டு, துணி மாற்றி, கட்டிலில் சாய்த்து உட்கார வைத்தபிறகு அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்:

"அந்தப் படியை எடுத்துடு. மூத்திரச் சட்டியெல்லாம் எனக்கு வேண்டாம். சாகிற வரைக்கும் என் கால்ல போய்ட்டு வரணும்."

ஓர் அறை, அதன் மூலையிலேயே அடுப்பு, பின்பக்கம் குளியலறை. அவ்வளவுதான் வீடு. அறைக்கும் குளியலறைக்கும் நடுவே எட்டு விரல் உயரத்துக்கு ஒரு கான்கிரீட் படி. பதினோரு வருடத்துக்கு முன்பு அவர்கள் இந்த வீட்டுக்கு வந்த முதல் மழையில் சாக்கடை எதிர்த்து வந்து அறைக்குள் கணுக்கால் அளவு நின்றது. மெத்தை ஊறி, ஆறு நாள் வெயிலில் போட்டும் நாற்றம் போகவில்லை. அடுத்த விடுமுறை நாளில் மிஷின்காரர் உட்கார்ந்து அந்தப் படியைப் போட்டார். அவள்தான் கலவை போட்டுக் கொடுத்தாள். அதற்குப் பிறகு ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே வந்ததில்லை.

அவள் சித்தாள் வேலைக்குப் போகிறவள். எந்தக் கட்டடத்தில் வேலை செய்தாலும் அவளுக்குப் பதக்காரி என்றுதான் பெயர். அவள் மண்வெட்டியால் புரட்டினால் கலவை நீர்த்தும் போகாது, வறண்டும் போகாது. கொத்தனார்கள் அவள் கலவைக்காகவே அவளைக் கேட்டு வாங்குவார்கள். அவருக்குக் கான்கிரீட் வெட்டும் மிஷின். பைப் போகச் சுவரில் காடி எடுப்பது, ஜன்னலுக்கு வாய் திறப்பது, தளத்தில் துளை போடுவது என்று இருபது வருடத்துக்கு மேல் அந்த மிஷினும் கையுமாகவே அலைந்தார். மற்றவர்கள் ஒரு நாள் எடுக்கும் வேலையை ஒரு மணி நேரத்தில் முடித்துவிட்டு, தலை முதல் கால் வரை வெள்ளையாக, மாவில் புரட்டி எடுத்ததுபோல் வெளியே வருவார். சுத்தியலும் உளியுமாகக் குந்தியிருக்கும் கொத்தனார்களைப் பார்த்தால் சும்மா போகமாட்டார். "என்னண்ணே, படி கொத்துறீங்களா, சிலை செதுக்குறீங்களா?" என்று கேட்டுவிட்டுத்தான் நகர்வார்.

அந்த வெள்ளைத் தூசி வெளியே மட்டும் ஒட்டவில்லை என்பது இரண்டு வருடத்துக்கு முன்புதான் தெரிந்தது. டாக்டர் நெஞ்சுப் படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். நுரையீரல் முழுக்கப் பொடிக்கல் தூவியதுபோல் இருந்தது. உள்ளே இறுகிவிட்டது, இனி இளகாது என்றார். "என் மிஷினைக் கொண்டாரேன், வெட்டி எடுத்துடுங்க டாக்டர்" என்றார் மிஷின்காரர். டாக்டர் படத்தை உறைக்குள் போடவே நேரம் எடுத்துக்கொண்டார். பிறகு அவளைப் பார்த்து, வீட்டில் தூசியே ஆகாது, பெருக்குவதுகூட ஈரத்துணியால்தான் என்று சொல்லி அனுப்பினார்.

அடுத்த விடுமுறை நாள் காலையில் அவள் தம்பி வந்தான். அவனும் கட்டட வேலைதான். கையில் சாக்குப் பை. பையிலிருந்து எடுத்தது மிஷின்காரரின் அதே மிஷின். வேலைக்குப் போக முடியாமல் ஆனபோது அவரே அவனுக்குக் கொடுத்தது.

"கால் மணி நேரம்கா. அடியில ரெண்டு கீறல், மேல ரெண்டு தட்டு. பெயர்ந்து கையில வந்துடும்."

மிஷின்காரர் மிஷினைக் கையில் வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். பிளேடை விரலால் சுற்றிப் பார்த்தார். "தேஞ்சிருக்கு மாப்ள. மாத்து" என்றார்.

"இந்த வீட்டுக்குள்ள அது ஓடக் கூடாது" என்றாள் அவள்.

"தண்ணி ஊத்திக்கிட்டே வெட்டுறேன்கா."

"ஊத்தினாலும் கொஞ்சம் பறக்கும். அந்தக் கொஞ்சமே போதும் இவருக்கு. அதுவுமில்லாம, நம்ம வீட்டுக்கு ஒரே லைன். அதைச் சொருகினா ஃபியூஸ் போகும். ஃபியூஸ் போனா ஆக்சிஜன் மிஷின் நிக்கும்."

"அப்ப மாமாவை என் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடுவோம். சாயங்காலம் கொண்டாந்து விட்டுடறேன்."

அவள் தம்பியை முறைத்தாள். போன தடவை ஆஸ்பத்திரிக்குப் போனபோது கட்டிலிலிருந்து தெருவில் நின்ற வண்டிக்குப் போய்ச் சேர முக்கால் மணி நேரமானது. உதடு ஊதா நிறமாகிவிட்டது. வண்டிக்காரர் பயந்து, வேறு வண்டி பார்த்துக்கொள்ளுங்கள் என்று கிளம்பப் பார்த்தார். தம்பியும் கூடத்தான் இருந்தான். அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

மிஷின்காரர் மிஷினைத் திருப்பிக் கொடுத்தார். "எடுத்துட்டுப் போ மாப்ள. சுத்தியலும் உளியும் இருந்தா வச்சுட்டுப் போ."

"நீங்களா மாமா சொல்றீங்க?"

"நானேதான். சின்ன வேலைக்குக் கை போதும். இத்தனூண்டு படிக்கு எதுக்கு அவ்வளவு பெரிய சத்தம்?"

தம்பிக்கு அன்று மாலையே வெளியூர் வேலைக்குக் கிளம்பியாக வேண்டும். இரண்டு வாரம் கழித்து வந்து நானே கொத்தித் தருகிறேன் என்றான். இரண்டு வாரம் என்பது எவ்வளவு நீளம் என்று அந்த அறையில் இருந்த மூன்று பேருக்கும் தெரியும். அவன் போய், நான்கு ராத்தல் சுத்தியல் ஒன்றையும் இரண்டு உளியையும் கொண்டுவந்து வைத்தான். ஒன்று கூர் முனை, ஒன்று பட்டை முனை.

இருபது வருடமாக அவள் கொத்தனார்களுக்குக் கலவை தூக்கியிருக்கிறாள். உளியைக் கையில் பிடித்ததில்லை. அன்று மாலையே ஆரம்பித்தாள். பழைய துணியை நனைத்துப் படியைச் சுற்றிப் போட்டாள், மேலே ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றினாள், நடுவில் உளியை வைத்து ஓங்கி ஒன்று போட்டாள். உளி துள்ளிக் கை மரத்துப்போனது. படியில் ஒரு வெள்ளைப் புள்ளி விழுந்திருந்தது. அவ்வளவுதான்.

மிஷின்காரர் குழாய் எட்டும் தூரத்துக்கு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்திருந்தார்.

"நடுவுல அடிச்சா அது சிரிக்கும். ஓரத்துல அடி, அப்பத்தான் அழும்."

"உங்களுக்கு எப்படித் தெரியும்? நீங்க உளி பிடிச்ச ஆளா?"

"கேலி பண்ணணும்னா பார்த்துத்தானே பண்ணணும். இருபது வருஷம் நின்னு பார்த்திருக்கேன்." மூச்சு வாங்கிக்கொண்டார். "உளியை நெட்டுக்குத்தா வைக்காத. சாய்ச்சு வை. முதல்ல அடியில வரிசையா புள்ளி வை. அவசரப்படாதீங்க மேஸ்திரியம்மா."

மேஸ்திரியம்மா என்ற பெயர் அன்றோடு நிலைத்துவிட்டது.

காலையில் வேலைக்குப் போவதற்கு முன் அரை மணி நேரம், மாலையில் வந்து வெளிச்சம் இருக்கும்வரை. இதுதான் அவள் கணக்கு. இரண்டு அடி, ஒரு கை தண்ணீர். இரண்டு அடி, ஒரு கை தண்ணீர். பெயர்ந்ததை ஈரத்துணியால் ஒற்றி எடுத்து வாளியில் போட்டாள். சுத்தியலைத் தூக்கித் தூக்கித் தோள்பட்டை இற்றுப்போனது. இடது கைக் கட்டை விரலில் இரண்டு தடவை அடி விழுந்து நகம் கறுத்தது. இரண்டாம் நாள் காலை வீட்டுக்காரம்மா வந்து எட்டிப் பார்த்தாள். முன்பக்க வீட்டில் இருப்பவள். சுவர் விரிசல் விடுமோ என்ற பயம் அவளுக்கு.

"எதை இடிக்கிறீங்க?"

"ஒண்ணும் இடிக்கலைம்மா. பல்லு குத்துற மாதிரி குத்திக்கிட்டிருக்கோம்" என்றார் மிஷின்காரர்.

வீட்டுக்காரம்மா அவரைப் பார்த்தாள். போன மாதம் பார்த்த ஆளுக்கும் இந்த ஆளுக்கும் இருந்த வித்தியாசம் அவள் முகத்தில் தெரிந்தது. திரும்பிப் போனாள். கொஞ்ச நேரத்தில் ஒரு தூக்குப் பாத்திரத்தில் சூடாகக் கஞ்சி வந்தது. அவர் நான்கு வாய் குடித்தார். மீதியை அவள் குடித்துவிட்டு வேலைக்கு ஓடினாள்.

அன்று மாலை உளி எதிலோ பட்டுக் கணீரென்றது. கல்லின் சத்தம் இல்லை. அவள் தண்ணீர் ஊற்றிக் கழுவிப் பார்த்தாள்.

"இதுக்குள்ள எவன் கம்பி போட்டது?"

கட்டிலின் பக்கமிருந்து சத்தமே இல்லை. அன்று அவரால் நாற்காலியில் உட்கார முடியவில்லை. கட்டிலின் ஓரத்துக்கு நகர்ந்து, தலையணையைக் கட்டிக்கொண்டு குனிந்திருந்தார்.

"உங்களைத்தான் கேக்கிறேன்."

"ஒரு துண்டு மிச்சம் கிடந்துச்சு. வீணாப் போகுதேன்னு போட்டேன்."

"பாத்ரூம் படிக்குக் கம்பியா? அணைக்கட்டா கட்டுனீங்க?"

"நம்ம வீடுன்னு நினைச்சுப் போட்டுட்டேன். வாடகை வீடுங்கிறது மறந்துபோச்சு." அவர் சிரிக்க ஆரம்பித்தார். சிரிப்பு இருமலாகி, இருமல் நிற்காமல், அவள் சுத்தியலைப் போட்டுவிட்டு ஓடி வந்து முதுகைத் தாங்கிப் பிடிக்க வேண்டியதாயிற்று. நின்ற பிறகும் வெகுநேரம் பிடித்துக்கொண்டே இருந்தாள். விலா எலும்புகளை எண்ணிவிடலாம் போலிருந்தது.

"கம்பி மட்டுமா? கலவை யாரோடது?" என்றார் மெதுவாக. "நாலு சட்டி மணலுக்கு ஒண்ணு போடற சிமெண்ட்டை ரெண்டுக்கு ஒண்ணு போட்டவ நீ. எனக்குத் தெரியாதுன்னு நினைச்சியா? அதான் இப்ப உன்னையே எதிர்க்குது."

கம்பியை அறுக்க ரம்ப பிளேடு வேண்டியிருந்தது. அடுத்த நாள் வேலை இடத்தில் கம்பி கட்டுகிறவரிடம் கேட்டு வாங்கி வந்தாள். பிளேடின் ஒரு முனையில் துணி சுற்றிப் பிடித்துக்கொண்டு, எண்ணெய் விட்டு விட்டு அறுத்தாள். அது சத்தம் குறைந்த வேலை. ஆக்சிஜன் மிஷினின் உறுமல் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. வெளியே தூறல் போட்டது. அவர் அன்று எழுந்திருக்கவே இல்லை. ஒருக்களித்துப் படுத்தபடி அவள் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீ அப்பவே சொன்னே" என்றார்.

"என்ன சொன்னேன்?"

"தண்ணி ஊத்தி வெட்டுங்கன்னு. மூக்குக்குத் துணி கட்டுங்கன்னு."

அவள் அறுப்பதை நிறுத்தவில்லை. சொன்னது உண்மைதான். தண்ணீர் ஊற்றினால் சகதியாகும், வேலை மெதுவாகும், காண்டிராக்டர் அடுத்த ஆளைக் கூப்பிடுவார் என்பார். மூக்கில் துணி கட்டினால் மூச்சு முட்டுகிறது என்பார். அவளும் இரண்டு தடவை சொல்லிவிட்டு விட்டுவிட்டாள். ஏன் விட்டாள் என்பது இந்த இரண்டு வருடமாக அவளை உள்ளே அறுத்துக்கொண்டிருந்தது. ஒரு மணி நேரத்தில் ஒரு நாள் வேலையை முடிக்கும் புருஷன் என்று மற்ற சித்தாள்களிடம் அவளுக்குப் பெருமை இருந்தது. அவர் தூசியிலிருந்து வெள்ளையாக வெளியே வரும்போது, "வந்துட்டாருடி உன் வெள்ளைக்காரர்" என்று அவர்கள் கேலி செய்தால் அவளுக்கு உச்சி குளிரும்.

"சத்தமா சொல்லியிருக்கணும்" என்றாள், திரும்பாமல். "சண்டை போட்டிருக்கணும். மிஷினைத் தூக்கிக் கிணத்துல போட்டிருக்கணும்."

"மிஷின் சத்தத்துல நீ சொன்னது எனக்குக் கேட்டிருக்காது."

"கேக்கிற வரைக்கும் சொல்லியிருக்கணும்."

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார், மூச்சு போதவில்லை. கையை மட்டும் கட்டிலுக்கு வெளியே நீட்டினார். அவள் பிளேடை வைத்துவிட்டு வந்து அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் கையெல்லாம் எண்ணெயும் சிமெண்ட்டுச் சகதியும். அவர் அதைக் கண்ணருகே கொண்டுபோய்க் கறுத்த நகத்தைப் பார்த்தார். ஊதிவிட நினைத்திருப்பார் போல. உதட்டைக் குவித்தார், காற்று வரவில்லை.

நான்காம் நாள் காலையில் படி பெயர்ந்து வந்தது. கடைசித் துண்டு கைக்கடக்கமாக, உள்ளே அறுபட்ட கம்பியின் பளபளப்போடு. அதைத் தூக்கிக் காட்டினாள். அவர் கண்ணை மூடித் திறந்தார். அவள் அன்றைக்கு வேலைக்கு லீவு சொல்லிவிட்டாள். கொத்திய இடத்தில் குண்டும் குழியுமாக இருந்ததை ஈரத்துணியால் துடைத்து நனைத்து, அறையிலிருந்து குளியலறைக்குச் சறுக்கலாக இறங்கும்படி பூச வேண்டும். மணலையும் சிமெண்ட்டையும் வெளியே நடைபாதையிலேயே, தண்ணீர் தெளித்துத் தெளித்துத் தூசி கிளம்பாமல் புரட்டினாள். ஒரு சட்டிக் கலவைக்கு ஒரு மணி நேரம் எடுத்துக்கொண்டாள். கட்டிலுக்குக் கொண்டுபோய்க் காட்டினாள். அவர் விரலால் தொட்டுப் பார்த்தார். கலவையில் விரல் பதிந்து, மெல்ல மூடிக்கொண்டது.

"பதம்" என்றார்.

பூசி, பலகையால் தேய்த்து, பாதம் வழுக்காதிருக்கத் துடைப்பக் குச்சியால் மெல்லக் கோடு இழுத்தாள். முடிக்கும்போது மதியம். மாலையில் மேற்பரப்பு இறுகியதும் ஒரு குவளைத் தண்ணீரை மெதுவாகச் சாய்த்தாள்.

"ஓடுதா?"

அவள் அவர் வாயருகே காதை வைத்துத்தான் அந்தக் கேள்வியை வாங்க முடிந்தது.

"ஓடுது. நேரா சாக்கடைக்கு ஓடுது. ஒரு சொட்டு நிக்கலை."

"எப்ப மிதிக்கலாம்?"

"நாளைக்கு. ஒரு ராத்திரி காஞ்சா போதும்."

"நாளைக்கு நடந்து போறேன். நீ பிடிக்கக் கூடாது. பின்னாடி வா, பிடிக்காதே."

"சரி. பிடிக்கலை."

காலையில் அவரே கண் விழித்தார். முகம் தெளிவாக இருந்தது. அவள் வெந்நீர் வைத்து முகம் துடைத்துவிட்டாள். முன்பெல்லாம் பெரிய காண்டிராக்டரைப் பார்க்கப் போகும்போது போடும் சட்டையைக் கேட்டார். "பாத்ரூமுக்குப் போகவா?" என்று அவள் கேட்டதற்கு, "திறப்பு விழா" என்றார். சட்டை தோளில் நிற்காமல் நழுவியது. கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து கால் இரண்டையும் தரையில் ஊன்றினார். குழாயைச் சரிசெய்து கையில் சுருட்டிக்கொண்டார். எட்டு அடி தூரத்தில் இருந்த வாசலைப் பார்த்தார். படி இல்லாததால் குளியலறைத் தரை முழுக்க அங்கிருந்தே தெரிந்தது.

"கொஞ்சம் இரு. மூச்சு பிடிச்சுக்கிறேன்" என்றார்.

அவள் எதிரில் நின்று காத்திருந்தாள். பிடிக்கக் கூடாது என்று சொல்லியிருந்ததால் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள். அவர் தலையைக் கவிழ்த்தார். மூச்சைப் பிடிக்கிறார் என்றே நினைத்தாள். பிறகு அவர் உடம்பு முன்பக்கமாகச் சாய்ந்து அவள் வயிற்றில் முகம் பதிந்தது. அப்போதும் ஒரு கணம், சொன்ன வார்த்தைக்காக, அவள் பிடிக்காமலே நின்றாள்.

ஆக்சிஜன் மிஷின் அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. அதை யாரோ வந்து நிறுத்தினார்கள். தம்பிக்குத் தகவல் போய், அவன் மாலைக்குள் வந்துவிட்டான். கட்டிலின் காலடியில் உட்கார்ந்து, "கால் மணி நேர வேலைக்கா, கால் மணி நேர வேலை" என்று தலையில் அடித்துக்கொண்டான். அவள் அவன் கையைப் பிடித்து நிறுத்தினாள். தூரத்து ஊரில் கட்டிக்கொடுத்த மகள், கைக்குழந்தையோடு இருட்டும் நேரத்துக்கு வந்து சேர்ந்தாள். மறுநாள் எல்லாம் முடிந்தது. வந்தவர்கள் அவளைச் சுற்றி உட்கார்ந்து அழுதார்கள். அவள் அழவில்லை. அழுதுவிடும்மா, நெஞ்சு அடைத்துவிடும் என்றாள் வீட்டுக்காரம்மா. அவள் தலையை ஆட்டினாள். பிறகு எழுந்து, குவளையில் தண்ணீர் மொண்டு, குளியலறை வாசலில் குந்தி, புதுப் பூச்சின் மேல் பரவலாகத் தெளித்தாள். சாக்கு ஒன்றை நனைத்து அதன்மேல் விரித்தாள்.

காலையில் ஒரு தடவை, மதியம் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை. வந்தவர்கள் காலை அகட்டி அதைத் தாண்டிப் போக வேண்டும் என்று சொல்லிவைத்தாள். யாராவது மறந்து மிதித்தால் அடுப்படியிலிருந்தே, "பார்த்து" என்றாள். மகளுக்குப் பயம் வந்துவிட்டது. தண்ணீர் தெளிக்க ஆரம்பித்த நான்காம் நாள் அம்மாவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"விடும்மா. அப்பாவே இல்லை. இனிமே யாருக்காக அதைப் பார்த்துக்கிட்டிருக்கே?"

"ஏழு நாள் தண்ணி விடணும்டி. இல்லைன்னா வெடிச்சிடும்."

"வெடிச்சா என்னம்மா?"

"நான் போட்டது" என்றாள் அவள். சாக்கைத் தூக்கி, அடியில் ஈரம் இருக்கிறதா என்று பார்த்து, மறுபடி போர்த்தினாள்.

ஏழு நாளும் ஒரு வேளை தப்பவில்லை. எட்டாம் நாள் காலையில் கைப்பழக்கத்தில் குவளையோடு வாசலுக்கு வந்தாள். சாக்கை எடுத்து மடித்து ஓரமாக வைத்தாள். உள்ளங்கையால் ஒரு முனையிலிருந்து மறு முனை வரை தடவிப் பார்த்தாள். எங்கும் விரிசல் இல்லை. விரல் முட்டியால் தட்டினாள். கெட்டியாக ஒலித்தது. இனித் தண்ணீர் தேவையில்லை. வெறுங்காலோடு மெதுவாக அதன்மேல் இறங்கினாள். கால் வழுக்கவில்லை, தடுக்கவும் இல்லை. திரும்பி ஏறினாள். மறுபடி இறங்கினாள். கையில் குவளை நிறையத் தண்ணீர் இருந்தது. அதை எங்கே ஊற்றுவது என்று அவளுக்குத் தெரியவில்லை.

சத்தம் கேட்டு மகள் குழந்தையைப் போட்டுவிட்டு ஓடிவந்தபோது, அவள் அந்தச் சறுக்கலில் உட்கார்ந்து சுவரில் தலையை மோதிக்கொண்டிருந்தாள். தண்ணீர் கொட்டி, ஓட வேண்டிய பக்கமாக ஓடிக்கொண்டிருந்தது.

"என்னம்மா? என்னாச்சு?"

"வேலை முடிஞ்சுபோச்சுடி" என்றாள். அதற்குமேல் அவளால் பேச முடியவில்லை.